டிப்தீரியா நஞ்சு: சொல்லும் பொருளும்

குன்னூர் சிம்ஸ் பூங்கா அருகே இருக்கும் பாஸ்டியர் நிறுவனம் என்றால் நீலகிரியில் பலருக்கும் நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1907-இல் அது தொடங்கப்பட்டதும் அதற்காகத்தான். ஆனால் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே தயாராகியிருக்கிறது. அந்த ஊசி தடுக்கும் மூன்று நோய்களில் ஒன்று டிப்தீரியா. மற்ற இரண்டும் கக்குவான் இருமலும் ரண ஜன்னியும்.

'டிப்தெரா' என்றால் கிரேக்கத்தில் பதப்படுத்திய தோல். நோயாளியின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒரு படலம் படியும். பிய்த்து எடுக்கப் பார்த்தால் ரத்தம் வரும். அதைப் பார்த்துத்தான் 1826-இல் பிரெத்தோனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். தமிழில் இதற்குத் தொண்டை அடைப்பான் என்று பெயர். அடைப்பது அடைப்பான், கக்க வைப்பது கக்குவான். நோயை ஓர் ஆளைப் போல முன்னால் நிறுத்திக் காட்டும் நல்ல பெயர்கள் இவை.

இருந்தாலும் தொண்டை அடைப்பான் என்ற பெயரில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, மாடு, எருமைகளுக்கு வரும் வேறொரு நோய்க்கும் இதே பெயர்தான். அதற்குக் காரணம் பாஸ்டுரெல்லா என்ற முற்றிலும் வேறான பாக்டீரியா. எருமை வளர்க்கும் மலையில் இந்தப் பெயரைத் தனியாகச் சொன்னால் கேட்பவர் மனம் தொழுவத்துக்குப் போகலாம். அதனால் பிள்ளைகளுக்கான ஊசியைப் பற்றிப் பேசும்போது டிப்தீரியா என்ற சொல்லையும் கூடவே சொல்லிவிடுவதுதான் சரி.

இரண்டாவது சிக்கல் பெரிது. இந்த நோயில் மூச்சு அடைத்து மட்டும் குழந்தைகள் சாவதில்லை. தொண்டை கொஞ்சம் தேறியது போலத் தெரியும் நேரத்தில் இதயத் தசை பழுதாகி இறப்பவர்கள் உண்டு. நரம்புகள் செயலிழந்து போவதும் உண்டு. கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. ரத்தத்தில் கலந்து இதயம்வரை போவது அது சுரக்கும் நஞ்சு. 1888-இல் பாரிஸில் ரூவும் எர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிநீரை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். விலங்குகளுக்கு அதே கேடு வந்தது. கொல்வது நஞ்சுதான் என்பது அன்று உறுதியானது.

அந்த நஞ்சைத்தான் 'டாக்சின்' என்கிறார்கள். இதன் வேரும் கிரேக்கம்தான்: 'டாக்சோன்' என்றால் வில், 'டாக்சிகோன்' என்றால் அம்பில் தடவும் நஞ்சு. தமிழில் நஞ்சு, நச்சு இரண்டும் புழங்குகின்றன. இலக்கணப்படி தனியே நிற்கும் பெயர் நஞ்சு. இன்னொரு சொல்லோடு சேரும்போதுதான் அது நச்சு ஆகும். மருந்து என்பது மருத்துப்பை என்றும், இரும்பு என்பது இருப்புப்பாதை என்றும் ஆவது போல. ஆகவே டிப்தீரியா நஞ்சு, நச்சுப்புரதம் என்று எழுதலாம். 'டிப்தீரியா நச்சு' என்று எழுதி நிறுத்தினால் சொல் பாதியில் நிற்கிறது.

இந்த நஞ்சு 535 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே ஒரு புரதம். அதில் மூன்று பகுதிகள், மூன்றுக்கும் மூன்று வேலை. கடைசிப் பகுதி நம் செல்லின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. எலியின் செல்லில் அந்த ஏற்பி சற்று மாறியிருப்பதால் நஞ்சு அதில் ஒட்டுவதில்லை, எலிக்கு இந்த நஞ்சு பெரிதாகக் கேடு செய்வதும் இல்லை. மனிதச் செல்லோ ஏற்பியோடு சேர்த்து நஞ்சையும் ஒரு சிறு பைக்குள் உள்ளிழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அப்போது நடுப்பகுதி உருமாறிப் பையின் சவ்வுக்குள் புகுந்து வழி திறக்கிறது. அந்த வழியாக முதல் பகுதி செல்லுக்குள் நுழைகிறது. கொல்லும் பகுதி அதுதான்.

செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இடம் ரைபோசோம். அதை ஒவ்வொரு படியாக முன்னே நகர்த்த ஒரு துணைப் புரதம் வேண்டும். அதற்கு நீட்சிக் காரணி 2 என்று பெயர். நஞ்சு அதன் ஓர் இடத்தில், வைட்டமின் பி3-இலிருந்து உடல் உண்டாக்கும் ஒரு மூலக்கூறின் துண்டை எடுத்து ஒட்டிவிடுகிறது. அதோடு காரணி முடங்குகிறது, புரத உற்பத்தி நிற்கிறது, செல் சாகிறது. நஞ்சு ஒரு காரணியோடு தீர்ந்துபோவதும் இல்லை, அடுத்ததற்குப் போகிறது. உள்ளே நுழைந்த ஒரே ஒரு மூலக்கூறு ஒரு செல்லைக் கொல்லப் போதும் என்று 1978-இல் காட்டினார்கள். நஞ்சு தாக்கும் அந்த இடத்துக்கு 'டிப்தமைடு' என்று பெயர். நம் ஒவ்வொருவர் செல்லிலும் இருக்கும் ஒன்று, நோயின் வழியாகத் தெரியவந்ததால் நோயின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வளவு கொடிய நஞ்சு அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சொத்து இல்லை என்பதும் வியப்பான விஷயம். அதற்கான மரபணு, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸிடமிருந்து வந்தது. அந்த வைரஸ் இல்லாத கிருமிகளால் நஞ்சு சுரக்க முடியாது என்று 1951-இல் ஃப்ரீமன் கண்டறிந்தார். மரபணு வைரஸுடையது, அதை அடக்கி வைக்கும் புரதம் பாக்டீரியாவுடையது. இரும்புச்சத்து போதிய அளவு இருந்தால் அந்த அடக்கி, இரும்பைப் பிடித்துக்கொண்டு மரபணுவின் முகப்பில் உட்கார்ந்துவிடும், நஞ்சு வராது. இரும்பு குறைந்தால் அடக்கி விலகும், நஞ்சு சுரக்கும். நம் உடலோ இரும்பைக் கிருமிக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மனிதத் தொண்டைக்கு வந்துவிட்டோம் என்பதைக் கிருமி இந்தப் பஞ்சத்தை வைத்தே அறிகிறது எனலாம். தடுப்பூசிக்காக இதை வளர்ப்பவர்களும் வளர்ப்புத் திரவத்தில் இரும்பின் அளவைக் கவனமாகக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி செழித்து வளரும், நஞ்சு கிடைக்காது.

அப்படிக் கிடைக்கும் நஞ்சை ஃபார்மலினும் மிதமான சூடும் கொண்டு பல நாள் பதப்படுத்தினால் கேடு போய்விடும், உடல் அதை அடையாளம் காணும் தன்மை மட்டும் மிஞ்சும். 1920-களில் ரமோன் இதைச் செய்தார். இதுதான் 'டாக்சாய்டு'. நேராகப் பெயர்த்தால் நச்சுப்போலி என்று வரும். எனக்கு அது வேண்டாம் என்று படுகிறது. போலி என்றால் இன்று கள்ளச் சரக்கு, ஊசி போடும் இடத்தில் அந்தச் சொல் பயத்தைத்தான் கிளப்பும். அவித்த நஞ்சு என்று சொல்லலாம். அவித்தல் என்பதற்கு அடக்குதல், இல்லாமல் ஆக்குதல் என்ற பொருளும் உண்டு. இந்த நஞ்சை முறிக்க உடலில் உருவாகும் எதிர்ப்பொருளுக்கும் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்துக்கும் நஞ்சுமுறி என்ற பெயர் நன்றாகப் பொருந்தும்.

அப்புறம் இந்த நஞ்சை மருந்தாக்கும் கதை. ஏற்பியைப் பிடிக்கும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் வேறொரு புரதத்தை இணைக்கிறார்கள். இன்டர்லூக்கின் 2 என்ற புரதத்தை இணைத்த டெனிலூக்கின் டிஃப்டிடாக்ஸ், தோலில் வரும் டி-செல் லிம்போமா என்ற ஒருவகைப் புற்றுக்காக 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்டர்லூக்கின் 3-ஐ இணைத்த டாக்ராக்ஸோஃபஸ்ப், அரிதான ஒரு ரத்தப் புற்றுக்காக 2018-இல் வந்தது. இவ்வகை மருந்துகளுக்கு ஏவுநஞ்சு என்ற பெயரை முன்வைக்கிறேன். ஏவுகணை என்பதில் கணை அம்புதான். வில்லிலிருந்து பிறந்த 'டாக்சின்' தமிழில் அம்போடு சேர்வது பொருத்தம்.

ஏவுநஞ்சுக்கும் குறை இல்லாமல் இல்லை. ரத்த நுண்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து ரத்த அழுத்தம் ஆபத்தாகக் குறையலாம். சிறு வயதில் போட்ட ஊசியால் பலர் உடலில் நஞ்சுமுறி ஏற்கெனவே இருப்பதால், மருந்து இலக்கை அடையும் முன்பே அதில் ஒரு பங்கு வீணாகலாம். அதற்காக ஊசியைத் தவறவிட முடியாது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியில் இது சேர்ந்தே வருகிறது. ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதுக்கு மேலும் முத்தடுப்பு ஊசி, 10, 16 வயதுகளில் ரண ஜன்னிக்கும் டிப்தீரியாவுக்குமான டி.டி. (Td) ஊசி. கோத்தகிரியோ கூடலூரோ, பள்ளியில் அந்த ஊசிக்குக் கூப்பிடும்போது பிள்ளையை அனுப்புங்கள். அதன் பெயரில் இரண்டாவதாக வரும் 'டி' (d) என்ற எழுத்தில் இருப்பது அவித்த டிப்தீரியா நஞ்சு.