திறந்துவிட்டது, சரி, சான்று கொடுக்கலாமா?

புதிய இயங்குதளம் ஏற்றிய கணினியில் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் திறக்கிறது. லாகின் ஆகிறது. ஒரு பில் போட்டால் சேமிக்கிறது. "ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு, அந்த இயங்குதளத்தில் இது இயங்கும் என்று சான்று தர அதன் தயாரிப்பாளர் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறார் என்பது புரிவதில்லை. ஓடுவது ஒரு கணினியில், ஒருவர் கையில், ஒரு நாள் நடப்பது. சான்று என்பது பொறுப்பேற்பு: இன்னின்ன பதிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால், கோளாறு வரும்போது நாங்கள் சரிசெய்து தருவோம் என்ற வாக்கு. ஆகவே சோதனையில் பெரும்பகுதி, வேலை செய்வதுபோல் நடிக்கும் இடங்களைத் தேடுவதிலேயே போகிறது.

அந்த நடிப்பை விண்டோஸிலேயே பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலானோர் எதையும் மாற்றக்கூடிய அட்மின் (நிர்வாகி) உரிமையோடுதான் கணினியில் உட்கார்ந்தார்கள். அதனால் பல மென்பொருள்கள் தம் அமைப்புக் கோப்பை, மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுதிப் பழகிவிட்டன. 2007-இல் பொதுச் சந்தைக்கு வந்த அடுத்த பதிப்பான விஸ்டா, சாதாரணப் பயனருக்கு அந்த வழியை அடைத்தது. பழைய 32-பிட் மென்பொருள்கள் (இன்றைய 64-பிட் வகைக்கு முந்தைய தலைமுறை) ஒரேயடியாக விழுந்துவிடக் கூடாதே என்று, அவை எழுதுவதைச் சத்தமில்லாமல் அந்தப் பயனரின் சொந்த இடத்தில் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் கோப்புறைக்குத் திருப்பியும் விட்டது. இந்த ஏற்பாடு விண்டோஸ் 11-லும் தொடர்கிறது. மேலாளர் தள்ளுபடி விகிதத்தை மாற்றிச் சேமிக்கிறார். அவர் திரையில் புது விகிதம். அதே கணினியில் காசாளர் தன் பெயரில் லாகின் செய்தால் பழைய விகிதம். பிழைச் செய்தி ஒன்றும் வராது. இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. அட்மினாக நிறுவி, சாதாரணப் பயனராக முழு நாள் வேலையையும் செய்துவிட்டு, விர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பாருங்கள். மென்பொருளின் பெயரில் அங்கே ஒரு கோப்புறை முளைத்திருந்தால் தோல்வி. பிறகு, மென்பொருளோடு வரும் மேனிஃபெஸ்ட் கோப்பில் எந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்று எழுதினால் இந்தத் திருப்பிவிடல் நின்றுபோகும். மறைந்திருந்த "அனுமதி மறுப்பு" பிழைகள் அப்போது வரிசையாக வெளியே வரும். புராசஸ் மானிட்டர் கருவியில் அவற்றை மட்டும் வடிகட்டினால், எந்தக் கோப்பு, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். பொதுவான அமைப்புகளை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா கோப்புறைக்கு மாற்றுவதுதான் தீர்வு. அதிலும் ஒரு பள்ளம் உண்டு: அங்கே ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொரு சாதாரணப் பயனர் திருத்த இயல்பாக அனுமதி கிடையாது. மென்பொருளைக் கணினியில் ஏற்றும் நிரலான நிறுவிதான் அந்த உட்கோப்புறைக்கு உரிமை கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அடுத்தது பதிப்பு எண். எக்ஸ்பியின் உள்எண் 5.1. "முதல் எண் 5-க்குக் குறையக் கூடாது, இரண்டாம் எண் 1-க்குக் குறையக் கூடாது" என்று தனித்தனியாகச் சோதித்த மென்பொருள்கள், 6.0 ஆன விஸ்டாவைப் பழைய இயங்குதளம் என்று திருப்பி அனுப்பின. விண்டோஸ் 7-இன் உள்எண் 6.1 என்று சிறிதாகவே நகர்ந்ததற்குப் பொருந்துதிறன்தான் காரணம். 8.1-லிருந்து விண்டோஸே பொய் சொல்லப் பழகிவிட்டது: புதிய பதிப்பைத் தெரியும் என்று மேனிஃபெஸ்டில் அறிவிக்காத மென்பொருள் கேட்டால் 6.2 என்றே பதில் வரும். விண்டோஸ் 11-இன் எண்ணும் 10.0 தான், பில்ட் எண் (உள்வெளியீட்டின் வரிசை எண்) 22000-இல் தொடங்குவதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். எண்ணைக் கேட்டு முடிவெடுக்காமல், வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேட்கும் மென்பொருளுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இயங்குதளத்தின் தலையில் விழும் பழிகளில் பல உண்மையில் 32-64 பிட் தகராறுகள். புதுக் கணினி வரும்போது ஆபிஸும் புதிதாக ஏறுகிறது. 2019 முதல் அது இயல்பாகவே 64-பிட். எக்செலுக்குள் இருந்த 32-பிட் ஆட்-இன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) அதில் ஏறாது. அறிக்கை பொத்தான் காணாமல் போகும். மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசியிலும் இதே கதை: 64-பிட் நிர்வாகத் திரையில் கணினி முழுமைக்குமாக அமைத்த தரவு மூலம் 32-பிட் மென்பொருளின் கண்ணில் படாது. விண்டோஸில் 64-பிட் நூலகங்கள் சிஸ்டம்32 கோப்புறையிலும் 32-பிட் நூலகங்கள் சிஸ்வாவ்64 கோப்புறையிலும் இருக்கின்றன என்பதை முதன்முதலாகக் கேட்பவர் சிரிக்கலாம். நிறுவி எழுதுபவருக்குச் சிரிப்பு வராது.

இத்தனையையும் எத்தனை கணினிகளில் சோதிப்பது? 3 பிரவுசர்கள், 2 வகை ஆபிஸ், புதிதாக ஏற்றியது அல்லது பழையதிலிருந்து மேம்படுத்தியது என 2 நிலைகள், 2 வகைப் பயனர்கள் என்றாலே 24 சேர்க்கைகள். பெரும்பாலான கோளாறுகள் ஏதோ ஒரு காரணியாலோ, இரண்டு காரணிகள் சந்திப்பதாலோதான் வருகின்றன. எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒருமுறையாவது சந்தித்தால் போதும் என்று திட்டமிட்டால், 24-க்குப் பதில் 6 சேர்க்கைகளே போதும். மூன்று காரணிகள் கூடினால் மட்டும் வரும் பிழை இதில் தப்பிவிடும். அதற்காக வாடிக்கையாளர்கள் அதிகம் வைத்திருக்கும் சேர்க்கைகளைக் கையால் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்.

சோதனைக்கு முன்பே அதே பட்டியலைப் பழைய இயங்குதளத்தில் ஒருமுறை ஓட்டி முடிவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள், ஐந்து வருடமாக இருந்த பிழையைப் புதிய பிழை என்று துரத்தி வாரக்கணக்கை இழப்பார்கள். முன்னோட்ட பில்டுகளில் வேலையைத் தொடங்கலாம். ஆனால் கையெழுத்துக்கு உரிய இறுதிச் சுற்று வெளியான பில்டில்தான் நடக்க வேண்டும். பில் போடுவதோடு நிறுத்தாமல் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, லேபிள் அச்சு, மடிக்கணினியை மூடித் திறந்த பின் தரவுத்தள இணைப்பு, 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிய திரையில் பொத்தான்கள் வெட்டுப்படுகின்றனவா என்பதெல்லாம் பட்டியலில் வர வேண்டும். நிறுவியதை நீக்கிப் பார்ப்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

"விண்டோஸ் 11-இல் இயங்கும்" என்று மட்டும் எழுதிய சான்றால் பயனில்லை. இயங்குதளத்தின் எந்த வெளியீடு முதல், மென்பொருளின் எந்தப் பேட்ச் (திருத்த வெளியீடு) முதல், எந்த ஆபிஸ், எந்தப் பிரவுசர், எந்தத் தரவுத்தள டிரைவர், தெரிந்தே விட்டுவைத்த குறைகள் எவை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு ஆண்டுக்கொரு பெரிய வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எண்டர்பிரைஸ் பதிப்பில் 36 மாதம், புரோ பதிப்பில் 24 மாதம் ஆதரவு. ஒவ்வொரு முறையும் முழுச் சுற்று தேவைப்படாது. நிறுவி, லாகின், அச்சு, எக்செல் ஏற்றுமதி ஆகிய நான்கையும் முதல் நாளே ஓட்டுங்கள். இவற்றில் ஒன்று இடறினால் மட்டும் முழுப் பட்டியலையும் எடுத்தால் போதும்.