பார்க்கிற கற்றையே பொருளை மாற்றியும் விடுகிறது

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேலை செய்பவர்கள் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு சிறு இடத்தைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, உருப்பெருக்கத்தைக் குறைத்தால், இவ்வளவு நேரம் பார்த்த இடம் மட்டும் கறுத்துச் சதுரமாகத் தெரியும். கருவிக்குள்ளும் பார்க்கிற மாதிரிப்பொருளின் மேலும் ஒட்டியிருக்கிற எண்ணெய்ப்பிசுக்கை எலக்ட்ரான் கற்றை உடைத்து, கார்பன் படலமாக அங்கேயே படியவைத்துவிடுகிறது. மாதிரியை எவ்வளவு துடைத்துவிட்டு உள்ளே வைத்தாலும் இது வரத்தான் செய்யும்.

எதற்கு எலக்ட்ரான்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணுக்களுக்கு இடையிலான தூரமோ ஒரு நானோமீட்டரின் சிறு பகுதிதான். அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடைவெளியை அலை பிரித்துக் காட்டாது, அதனால் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அணுக்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. 1,00,000 வோல்ட்டில் முடுக்கிவிட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். எலக்ட்ரான் அலைபோல நடந்துகொள்கிறது என்பதற்கான சோதனைச் சான்று ஒரு விபத்தால் கிடைத்தது. 1925-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர்கள் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் துண்டின் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது திரவக் காற்று இருந்த குடுவை வெடித்தது. காற்று புகுந்து நிக்கலின் மேல் ஆக்சைடு படிந்துவிட்டது. அதைப் போக்க நீண்ட நேரம் சூடாக்கியதில், உள்ளே இருந்த பொடிப்படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகிவிட்டன. அப்புறம் பாய்ச்சிய எலக்ட்ரான்கள் சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் தூக்கலாகச் சிதறின. படிகத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் இப்படித்தான் சில திசைகளில் சேர்ந்து வலுக்கும். 1927-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதன் தொடர்ச்சிதான்.

சரி, கற்றை உள்ளே போனதும் என்ன ஆகிறது? மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்திலிருந்து மெதுவான எலக்ட்ரான்கள் வெளியே வரும். மேடுபள்ளம் தெரிவது அவற்றால். மோதித் திரும்புகிற எலக்ட்ரான்கள் கனமான தனிமங்கள் இருக்கும் இடத்தில் அதிகம், அதனால் அந்த இடம் பளிச்சென்று இருக்கும். எக்ஸ் கதிர்களும் கிளம்பும். அவற்றின் ஆற்றலை அளந்தால் எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம்.

இந்தத் தகவல் எதுவும் இலவசமாக வருவதில்லை. பொருளுக்குள் ஆற்றலைக் கொட்டினால்தான் வருகிறது. அந்த ஆற்றல் இரண்டு வழிகளில் பொருளைக் குலைக்கிறது.

முதல் வழி, நேரடி மோதல். கார்பன் அணு எலக்ட்ரானைவிடச் சுமார் 22,000 மடங்கு கனம். இரும்புக் குண்டின் மேல் கடுகை எறிந்த மாதிரி, மோதலில் கைமாறுகிற ஆற்றல் சொற்பம். ஆனாலும் 100 கிலோவோல்ட்டில் அது 20 எலக்ட்ரான்வோல்ட் (ஒரு வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான்வோல்ட்) வரை போகும். ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனிலிருந்து ஒரு கார்பன் அணுவைப் பிடுங்க ஏறத்தாழ அவ்வளவு போதும். 80 கிலோவோல்ட்டுக்குக் குறைத்தால் 16-ஐத் தொடாது, அணு பெரும்பாலும் இடத்திலேயே இருக்கும். கிராஃபீன் படங்கள் பல 80 கிலோவோல்ட்டில் எடுக்கப்படுவது இதனால்தான்.

இரண்டாவது வழி, அணுவை நகர்த்தாமல் அதன் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுவது. உலோகத்தில் இது வடு விடாது. சுற்றித் திரியும் எலக்ட்ரான்கள் கண நேரத்தில் குறையை நிரப்பிவிடும். மின்கடத்தாப் பொருள்களில் கதை வேறு. நிறமில்லாத சோடியம் குளோரைடு படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் மஞ்சளாகப் பழுக்கும். ஒரு குளோரின் அயனி தன் இடத்தை விட்டுப் போக, அந்தக் காலியிடத்தில் ஒரு எலக்ட்ரான் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய எலக்ட்ரான் நீல ஒளியை விழுங்குகிறது, அதனால் நமக்கு மஞ்சள். பொட்டாசியம் குளோரைடு என்றால் ஊதா. சூடாக்கினால் நிறம் போய்விடும்.

இந்தக் குலைவை வேண்டுமென்றே செய்தால் அதுவே தொழில். எலக்ட்ரீஷியன்கள் ஒயர் இணைப்பின் மேல் மாட்டி வெப்பம் காட்டுகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஎத்திலீன் குழாயின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், தனித்தனியாகக் கிடந்த நீள மூலக்கூறுகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்துவிடும். அதற்குப் பிறகு அது சூட்டில் உருகி ஓடாது, ரப்பர்போல இளகும். அந்த நிலையில் அகலமாக விரித்து அப்படியே ஆறவைக்கிறார்கள். மறுபடி சூடு பட்டால் பிணைப்புகள் பழைய அளவுக்கு இழுத்துக்கொள்ளும். கதிர் பட்டதால் ஸ்லீவில் கதிரியக்கம் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். இதற்குப் பயன்படும் எலக்ட்ரான்களுக்கு அணுக்கருவைக் கலைக்கிற ஆற்றல் கிடையாது.

அணுக்கருவையே மாற்ற நியூட்ரான் தோதானது. சிலிக்கான் மின்சாரத்தைக் கடத்தும் அளவை மாற்ற அதில் துளி பாஸ்பரஸ் சேர்ப்பார்கள்; அதை நியூட்ரானை வைத்தே உள்ளே உண்டாக்கலாம். சிலிக்கானில் சுமார் 3 சதவீதம், நியூட்ரான் கூடுதலாக உள்ள சிலிக்கான்-30 என்ற வகை. அணுஉலையில் அது ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு சிலிக்கான்-31 ஆகிறது, 2.6 மணி நேர அரை ஆயுளில் பாஸ்பரஸாகச் சிதைகிறது. நியூட்ரான் சிலிக்கான் கட்டிக்குள் சுலபமாக ஊடுருவுவதால் பாஸ்பரஸ் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவும். உருக்கிக் கலந்தால் இந்தச் சீர் வராது; உயர்மின்னழுத்தச் சில்லுகளுக்கு இதைத் தேடிப் போவது அதற்காகத்தான். ஆனால் வேகமான நியூட்ரான்கள் வழியில் ஏராளமான சிலிக்கான் அணுக்களை இடம்பெயர்த்து வைத்திருக்கும். அதனால் கதிரியக்கம் அடங்கும்வரை காத்திருந்து, கட்டியைச் சூளையில் சூடாக்கிப் படிகத்தைச் சரிசெய்த பிறகுதான் மின்தடையை அளக்கிறார்கள்.