மஞ்சளுக்குள் புகுந்து வரும் கார்பன் டை ஆக்சைடு

‘கெமிக்கலே இல்லாமல் எடுத்த மஞ்சள் எண்ணெய்’ என்று குப்பியில் போட்டிருக்கிறார்களே, அது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படி ஒன்று கிடையாது. அந்த எண்ணெயே கெமிக்கல்தான், தண்ணீரும் கெமிக்கல்தான். ஆனால் லேபிளில் பொடி எழுத்தில் ‘சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு முறை’ என்றிருந்தால், அது கவனிக்க வேண்டிய சங்கதி.

வழக்கமான முறை தெரிந்ததுதான். கிழங்கைக் காயவைத்து, அரைத்து, ஹெக்சேன், அசிட்டோன் மாதிரி ஒரு கரைப்பானில் ஊறவைத்து வடித்து, கரைப்பானை ஆவியாக்கிவிடுவது. ஹெக்சேன் பெட்ரோலியச் சரக்கு, அதன் ஆவியை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளிக்குக் கைகால் நரம்புகள் கெட்டுப்போகும். சூடு காட்டும்போது வாசனையிலும் கொஞ்சம் பறந்துவிடும்.

சரி, கார்பன் டை ஆக்சைடுக்கு வருவோம். வெப்பம் 31 டிகிரி செல்சியஸ், அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் 73 மடங்கு. இரண்டையும் தாண்டிவிட்டால் அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை; அதைத்தான் சூப்பர்கிரிட்டிகல் நிலை என்கிறார்கள். (31 டிகிரி ஈரோட்டு வெயிலுக்கு ஒரு பொருட்டே இல்லை, பாடெல்லாம் அழுத்தத்தில்தான்.) இப்படி ஒரு நிலை இருப்பதை 1822இல் பிரான்சில் கன்யார் த லா தூர் என்ற இயற்பியலாளர் காதால் கண்டுபிடித்தார்! துப்பாக்கிக் குழலுக்குள் சாராயம் போன்ற திரவத்தையும் ஒரு கல் உருண்டையையும் போட்டு அடைத்து, சூடாக்கி ஆட்டினார். உருண்டை திரவத்துக்குள் விழும் சத்தம் ஒரு வெப்பத்துக்கு மேல் கேட்கவே இல்லை. திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவில் இருந்த மேற்பரப்பே காணாமல் போயிருந்தது.

மேற்பரப்பு இல்லையென்றால், திரவத்தைத் துளியாக இறுக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசையும் இல்லை. அதனால் இந்த நிலையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மஞ்சள் தூளின் நுண்ணிய துளைகளுக்குள் வாயுவைப்போல் நுழைந்து, உள்ளே இருப்பதைத் திரவத்தைப்போல் கரைக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம்தான். 40 டிகிரியிலேயே வைத்துக்கொண்டு அழுத்தத்தை 80 பாரிலிருந்து (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 300 பாருக்கு ஏற்றினால், அதன் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.28 கிராமிலிருந்து 0.91 கிராமாகிறது. அடர்த்தி கூடக்கூடக் கரைக்கும் திறனும் கூடும். அப்புறம் அடுத்த கலத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் போதும், கரைந்த எண்ணெய் தானாகப் பிரிந்து கீழே விழுந்துவிடும், வாயுவைப் பிடித்து மறுபடி பம்புக்கு அனுப்பலாம். காய்ச்சி விரட்ட வேண்டிய கரைப்பான் மிச்சமே இல்லை. ஜெர்மனியில் குர்ட் சோசல் என்ற வேதியியலாளர் இதே வித்தையில்தான் காபிக்கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தார்.

ஆனால் மஞ்சளில் ஒரு சிக்கல். வாசனை தரும் டர்மரோன் எல்லாம் இதில் நன்றாகக் கரையும், மஞ்சளுக்கு நிறம் தருகிற, எல்லோரும் தேடுகிற குர்குமின் அவ்வளவாகக் கரையாது. ஆகவே முதலில் எண்ணெயை இப்படி எடுத்துவிட்டு, மிஞ்சிய தூளிலிருந்து குர்குமினை எத்தனாலில் எடுப்பார்கள். கரும்புச் சக்கைப்பாகிலிருந்து கிடைக்கும் எத்தனால் என்றால் அதுவும் பசுமைதான்.

பம்புக்கு மின்சாரம் நிறையச் செலவாகும், அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால் பசுமைக் கணக்கு கொஞ்சம் உதைக்கும். 300 பாரைத் தாங்கும் எஃகுக் கலம் சிறு ஆலைக்காரர் கைக்கு எட்டாத விலை. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நாம், அங்கேயே ஒரு பொதுக் கூடத்தில் இந்த எந்திரத்தை வைத்து வாடகைக்கு ஓட்டலாம். புராணப் பெருமை பேசும் மூலிகை மாநாடுகளுக்குப் போகும் பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும்.