25 மீட்டர் நீந்தினால் நீச்சல் வந்துவிட்டதா?

"பையன் எத்தனை லேப் போடுகிறான் சார்?" நீச்சல் பயிற்சியாளரான என்னிடம் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இதைத்தான், அதாவது குளத்தின் நீளத்தை எத்தனை முறை கடக்கிறான் என்று. சில வருடங்களுக்கு முன், 25 மீட்டரைச் சுலபமாகக் கடந்துவிடும் ஒரு பையனை முதன்முறையாக ஆழமான பக்கம் அழைத்துப்போனேன். பாதி வழியில் அவன் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. துடைக்கலாம் என்று காலை ஊன்றப் பார்த்தான். கால் எட்டவில்லை. அவ்வளவுதான், தண்ணீரைப் பிறாண்ட ஆரம்பித்துவிட்டான். பக்கத்திலேயே இருந்ததால் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு நீந்தத் தெரியும். நீந்தாமல் தண்ணீரில் இருக்கத் தெரியாது. அதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அதிலிருந்து வகுப்பில் பால் ராட்மிலோவிச்சைப் பற்றிச் சொல்கிறேன். 1886-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். 1908 முதல் 1928 வரை ஐந்து ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு வாட்டர் போலோ, அதாவது தண்ணீரில் மிதந்தபடியே பந்தை வலைக்குள் எறியும் ஆட்டம், ஆடியவர். கடைசியாக ஆடியபோது வயது 42. 1908, 1912, 1920 மூன்றிலும் தங்கம்.

1908-இல் தொடர் நீச்சலிலும் (அணியினர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் ரிலே) அவருக்குத் தங்கம் உண்டு. அந்தப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் முன்னால் இருந்தது ஹங்கேரி. அந்த அணிக்குக் கடைசியாக நீந்திய ஜோல்டான் ஹல்மாய் உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நினைவு தடுமாறித் தளர்ந்துபோனார். அப்பேர்ப்பட்டவருக்கே அப்படி என்றால், நம் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள்.

ராட்மிலோவிச் ஆடிய சில இடங்கள் இன்றைய டைல்ஸ் பதித்த குளங்கள் இல்லை. 1912-இல் ஸ்டாக்ஹோமில் கடலையொட்டிய விரிகுடா. 1920-இல் ஆன்ட்வெர்ப்பில் நகரத்துப் பழைய கோட்டை அகழி; கறுத்த தண்ணீர், உடம்பை விறைக்க வைக்கும் குளிர். அங்கே பெல்ஜியத்தை 3-2 என்று வென்றபோது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, வெற்றி கோலைப் போட்டவர் இவர்தான். வாட்டர் போலோவில் தரையில் காலை ஊன்றி ஆடக் கூடாது. தலை மேலே இருக்க வேண்டும், பந்தைப் பார்க்க வேண்டும், ஒருவர் மேலே விழுந்து அழுத்தினாலும் பதறக் கூடாது. கிணற்றிலோ ஆற்றிலோ தவறி விழும் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் இதே திறமைதான்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, தானாக வாங்கும். அப்போது கரையை நோக்கிப் பாய்ந்தால் வாய்க்குள் தண்ணீர்தான் போகும். மல்லாந்து படுத்து, காது நனையும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை மெதுவாக அசைத்தபடி மிதக்க வேண்டும். மூச்சு சீரான அப்புறம்தான் நீந்துவதோ, கத்திக் கூப்பிடுவதோ.

இப்போது என் வகுப்பில் லேப் எண்ணிக்கை பிற்பாடுதான். முதலில் ஆழமான பக்கம், கண்ணாடி இல்லாமல், எதையும் பிடிக்காமல் மிதக்க வைக்கிறேன். பிறகு சட்டை, கால்சட்டையோடு அதே பயிற்சி. பையன் மிதந்துகொண்டே என்னோடு பேச வேண்டும். பேச்சு திணறாமல் வந்தால்தான் அடுத்த பாடம்.