குளக்கரையில் இரண்டு குரல்கள்

இரவு பதினொரு மணிக்குத் தீயணைப்பு வண்டி ஒன்று சைரன் அடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்குவதற்குள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளக்கரையிலிருந்து ஊளை கிளம்பியது. முதலில் நீளமாக ஒரு குரல். அதன்மேல் ஏறி இன்னொன்று. பிறகு குரைப்பும் கீச்சலுமாக ஒரே அமளி. பக்கத்து வீட்டு அக்கா உடனே ஃபோன் செய்தார். "கேட்டீங்களா? பத்துப் பன்னிரண்டாவது இருக்கும் போல. பிள்ளைகளை எப்படி வெளியே விடறது?"

பத்துப் பன்னிரண்டு இல்லை, பெரும்பாலும் இரண்டுதான்: ஓர் ஆண், ஒரு பெண். கயோட்டி என்ற வட அமெரிக்கக் காட்டு நாய் இனம் ஊளையிடும்போது நொடிக்கு நொடி சுருதியை மாற்றும். மரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்துகொண்டால் ஒரு ஜோடியின் குரல் ஒரு கூட்டமாகக் கேட்கும். 'இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது' என்று அயல் கயோட்டிகளுக்குச் சொல்வதுதான் அந்தச் சத்தத்தின் முக்கிய வேலை.

நாங்கள் இருப்பது சிகாகோவின் மேற்குப் புறநகர். கயோட்டி நம் ஊர் நரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிட நன்றாகச் சிறியது. பெரும்பாலும் 10 முதல் 16 கிலோவுக்குள் இருக்கும். ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் உள்ள புல்வெளிகளும் வறண்ட நிலங்களுமே அதன் இடம். மனிதர்கள் ஓநாய்களைக் கொன்று தீர்த்து, காடுகளை வெட்டித் திறந்துவிட்ட பிறகு அது நாலாபக்கமும் பரவியது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. இந்த நகரத்துக்குள் புதிதாக நுழைந்தது அதுவா நாமா என்று என்னைக் கேட்டால் எளிதில் பதில் சொல்ல முடியாது.

2000ஆம் ஆண்டில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளர் சிகாகோவைச் சுற்றியுள்ள குக் கவுன்டியில் கயோட்டிகளைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விடத் தொடங்கினார். அன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கயோட்டிகள் அவர் குழுவின் கையில் வந்து போயிருக்கின்றன. நகரத்தில் அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதில் நமக்குத் தெரிந்த பலதும் அங்கிருந்து வந்ததே. குடும்பமாக வாழும் கயோட்டிக்குச் சராசரியாக 5 சதுர கிலோமீட்டர் போதும். இடம் கிடைக்காத தனிக்கட்டை சராசரியாக 27 சதுர கிலோமீட்டரில் அலைகிறது. பகலில் புதருக்குள் படுத்திருக்கும். ஊர் அடங்கியதும் ரயில் பாதை, கல்லறைத் தோட்டம், கால்ஃப் மைதானம் என்று நடமாடும். 2007 ஏப்ரலில் பட்டப்பகலில் ஒன்று சிகாகோ நகர மையத்தில் உள்ள சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து, குளிர்பான அலமாரிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. யாரையும் அது கடிக்கவில்லை.

என்ன தின்கின்றன? கெர்ட் குழு கயோட்டிகளின் 1,429 மல எச்சங்களைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தது. 42 சதவீதத்தில் எலி வகைகள், 23 சதவீதத்தில் பழங்கள், 22 சதவீதத்தில் மான், 18 சதவீதத்தில் முயல். வீட்டுப் பூனை சுமார் 1 சதவீதம்தான். நான் எங்கள் சமையலறை ஜன்னல் வழியே ஒரு ஜனவரிக் காலையில் பார்த்தேன். முழங்கால் ஆழப் பனியில் ஒரு கயோட்டி அசையாமல் நின்றது. தலையை இடமும் வலமும் சாய்த்தது. பனிக்கு அடியில் எலி நகரும் ஓசையைக் காது அளக்கிறது. சட்டென்று நான்கு காலும் தரையை விட்டு எழும்ப, வில்லாக வளைந்து மூக்கு முதலில் பனிக்குள் போனது. வெளியே வந்தபோது வாயில் ஒரு வால் ஆடிக்கொண்டிருந்தது.

பூனை குறைவுதான் என்றாலும் இரவில் பூனையை வெளியே விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். 1999இல் கெவின் க்ரூக்ஸ், மைக்கேல் சூலே இருவரும் சான் டியேகோ பள்ளத்தாக்குகளில் செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கயோட்டி உலவும் இடத்தில் பூனைகளின் நடமாட்டம் குறைகிறது, அதனால் புதர்ப் பறவைகள் பிழைக்கின்றன.

"பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன?" என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். கொன்றால் அந்த 5 சதுர கிலோமீட்டர் காலியாகும். இடம் தேடி அலையும் தனிக்கட்டைகளுக்கு அதுதான் வேண்டும். பழைய ஜோடி எங்கள் தெருவின் பழக்கவழக்கம் தெரிந்தது, புதிதாக வருவது எப்படிப்பட்டதோ! அதோடு, குடும்பத்தில் பொதுவாக மூத்த ஜோடி மட்டுமே குட்டி போடும். அந்தக் கட்டு உடைந்தால் மற்றவையும் இணை சேரத் தொடங்கும்.

ஆகவே கேள்வி, இருக்கும் ஜோடியை நம்மைக் கண்டு ஒதுங்கும்படி எப்படிப் பழக்குவது என்பதுதான். யூட்டாவில் உள்ள அரசு ஆய்வு நிலையத்தில் கிறிஸ்டோஃபர் ஷெல் தலைமையிலான குழு எட்டுக் கயோட்டி ஜோடிகளுக்கு, மனிதர் அருகில் இருக்கும்போதே உணவு வைத்துக் கவனித்தது. முதல் ஈற்றின்போது தயங்கிய தாய் தந்தையர் இரண்டாம் ஈற்றின்போது தயக்கமின்றி வந்து தின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த இரண்டாம் ஈற்றுக் குட்டிகளும் முந்தைய குட்டிகளைவிடத் துணிச்சலாக இருந்தன. ஒரே தலைமுறையில் அச்சம் கரைந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுகளின் நினைவுதான் வந்தது. காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத கைகள் நம்முடையவை. இங்கே அந்தச் சோற்றைத் தின்ன அணிலும் எலியும் வருகின்றன, எலியின் பின்னே கயோட்டி வருகிறது. பறவைத் தீனித் தொட்டியிலிருந்து சிந்தும் தானியமும், வெளியே வைத்த நாய்ச் சாப்பாடும், உதிர்ந்து கிடக்கும் ஆப்பிளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டே சம்பவங்கள்: 1981இல் கலிஃபோர்னியாவின் க்ளென்டேலில் ஒரு குழந்தை, 2009இல் கனடாவின் கேப் பிரெட்டனில் ஓர் இளம்பெண். எண்ணிக்கை சிறிது என்று அந்த வீடுகளிடம் யார் சொல்ல முடியும்? அதனால்தான் அச்சத்தைக் கரையவிடக் கூடாது என்கிறேன்.

எதிரே வந்தால் ஓடக் கூடாது, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முகம் பார்த்து நின்று, கையை உயர்த்திக் கத்த வேண்டும். அக்காவுக்கு நான் சொன்னது எவர்சில்வர் தட்டும் கரண்டியும். முதல் முறை அவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டார். கயோட்டி வேலியோரம் நின்று திரும்பிப் பார்த்தது. அதுதான் தவறு. அது கண்ணுக்கு மறையும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால், சத்தம் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும் என்று அது கற்றுக்கொள்ளும். அதற்குத் தப்பிக்க வழி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் வளையில் இருக்கும். அப்போது நாயோடு நடப்பவரைத் தாயோ தந்தையோ பத்திருபது அடி விட்டுப் பின்தொடர்ந்து வரும். வேட்டையாட வருவதல்ல அது, வளையிலிருந்து நம்மை விலக்கி அனுப்புவது. அந்த நேரத்தில் விரட்டிப் பயனில்லை, நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். அக்காவும் நானும் இப்போது குளத்தின் மறுகரை வழியாகத்தான் நடக்கிறோம். குட்டிகள் வளையை விட்டு வெளியேறும்வரை அந்தப் பக்கம் போவதில்லை.