‘மனத்திறன்’ என்னும் பிழை

லண்டனில் ஒரு மருத்துவமனையின் நடைகூடத்தில், படுக்கையில் இருந்த முதியவரின் மகளிடம் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், “உங்கட அப்பாவுக்கு மனத்திறன் இல்லையாம்” என்று சொன்னதையும், அதற்கு அந்தப் பெண் சற்றும் தயங்காமல், “அப்பா இண்டைக்குக் காலமையும் பென்ஷன் கணக்கைப் பிழையில்லாமச் சொன்னவரே” என்று பதில் சொன்னதையும் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மகள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ‘மனத்திறன்’ என்றால் தமிழ் காதுக்கு மனக்கணக்கும் நினைவாற்றலும் தவிர வேறென்ன தோன்றும்? மருத்துவர் சொல்ல வந்ததோ முற்றிலும் வேறு. தமிழர்களுக்காக அச்சாகும் விளக்கத் தாள்களிலும் இதே சொல் சலிக்கும் அளவுக்குக் கண்ணில் படுகிறது.

‘மனத்திறன்’ என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலத்தின் ‘மென்டல் கெப்பாசிட்டி’ என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் தலைப்பு. அச்சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. ‘கெப்பாசிட்டி’யின் வேர், கொள்ளுதல், பற்றுதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. ஒரு குடம் எவ்வளவு கொள்ளும் என்பதையும், ஒருவர் எதைச் செய்ய வல்லவர் என்பதையும், எந்த நிலையில் நின்று கையெழுத்திடுகிறார் என்பதையும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது. தமிழுக்கு அப்படி ஒரு சொல் வேண்டியதில்லை. இங்கே நமக்கு வேண்டியது அந்தச் சட்டம் சொல்லும் பொருள் மட்டுமே.

அந்தப் பொருள் மிகக் குறுகியது. ஒரு குறிப்பிட்ட விஷயத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், மனத்திலோ மூளையிலோ ஏற்பட்ட பாதிப்பின் காரணமாக ஒருவரால் தாமே முடிவெடுக்க முடியவில்லை என்றால், அந்த விஷயத்தில் அவருக்கு அந்தத் திறன் இல்லை என்கிறது சட்டம். முடிவெடுக்க முடிகிறதா என்பதை அறிய நான்கு செயல்களைப் பார்க்கிறார்கள்: தேவையான விவரத்தைப் புரிந்துகொள்வது, அதை மனத்தில் இருத்திக்கொள்வது, சீர்தூக்கிப் பார்ப்பது, முடிவை ஏதேனும் ஒரு வகையில் தெரிவிப்பது. சிறிது நேரமே நினைவில் நின்றாலும் போதும் என்று சட்டமே சொல்கிறது. வயதையோ தோற்றத்தையோ நோயின் பெயரையோ மட்டும் வைத்து ஒருவரை அப்படி முடிவுகட்டிவிடக் கூடாது. இல்லை என்று நிறுவப்படும் வரை, 16 வயது நிரம்பிய எவருக்கும் அத்திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

இத்தனை கவனத்தோடு குறுக்கப்பட்ட ஒரு கருத்தை ‘மனத்திறன்’ என்ற சொல் என்ன செய்கிறது? மனத்தின் மொத்த வலுவாக, ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருக்கும் ஓர் இருப்பாக மாற்றிவிடுகிறது. இருப்பு என்று வந்துவிட்டால் அளக்கத் தோன்றும். மறதிநோயைச் சோதிக்கும் முப்பது மதிப்பெண் தேர்வில் அப்பா பதினெட்டு வாங்கினார், ஆகவே அவருக்கு அது போய்விட்டது என்று குடும்பத்தார் பேசத் தொடங்குவது இதனால்தான். அந்த மதிப்பெண் ஒரு சான்று, தீர்ப்பு ஆகாது.

ஒருவருக்கு இந்தத் திறன் உண்டா இல்லையா என்ற வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞரான பாரிஸ்டரின் வேலையைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். இவ்வழக்குகளை விசாரிக்கும் காப்பு நீதிமன்றத்தில் அவர், திறனை மதிப்பிட்டவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது பிடித்துக்கொண்டு விடாத கேள்வி ஒன்று உண்டு: எந்த முடிவைப் பற்றி? எங்கே வசிப்பது என்ற முடிவா, எந்த மருந்தை ஏற்பது என்ற முடிவா, வீட்டை விற்பதா, வழக்கை நடத்துவதா? ஒன்றில் திறன் இல்லாதவருக்கு மற்றொன்றில் அது முழுதாக இருக்கலாம். 1993இல் இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை எல்லாப் பாரிஸ்டர்களும் அறிவார்கள். பிராட்மூர் மருத்துவமனையில் இருந்த 68 வயது மனநோயாளி ஒருவரின் பாதம் அழுகிப்போயிற்று. காலை எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது என்றார்கள் மருத்துவர்கள். தாமே ஒரு பெரிய மருத்துவர் என்ற மாயநம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆயினும் காலைப் பற்றிச் சொல்லப்பட்டதை அவர் புரிந்துகொண்டார், நம்பினார், எடைபோட்டு மறுத்தார் என்று நீதிமன்றம் கண்டு, அவர் எழுத்தில் இசையாமல் காலைத் துண்டிக்கக் கூடாது என்று தடை விதித்தது. ‘மனத்திறன் இல்லாதவர்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைத் தமிழில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். முடியாது.

பழைய சொல்லான ‘சித்த சுவாதீனம்’ இதைவிட மேலானது என்று சிலர் சொல்வதுண்டு. வடசொல் என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. நம் உயில்களில் ‘நல்ல நினைவுடனும் சித்த சுவாதீனத்துடனும்’ என்று அது இடம்பெறுவது பொருத்தமே. சித்தம் தன்வசத்தில் இருப்பது என்று அதற்குப் பொருள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும்கூட, ஒப்பந்தம் செய்யும் வேளையில் அதைப் புரிந்துகொண்டு தம் நலனுக்கு அது என்ன செய்யும் என்று சிந்திக்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது. ஆனால் பேச்சு வழக்கில் ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்றால் பைத்தியம் என்றே பொருள். சட்டம் கேட்டது ஒரு வேளையின் நிலையை. நம் சொல் ஒட்டிவிட்டது ஆயுளுக்கும் ஒரு முத்திரையை.

‘மனத்தகுதி’ என்பது இன்னொரு போட்டியாளர். இதன் மேல் எனக்குக் கோபமே உண்டு. தகுதி என்ற சொல்லில் மதிப்பு கலந்திருக்கிறது. தகுதியற்றவர் என்று சொன்னால் குறை சொல்கிறோம். அதோடு, சட்டத்தின் முன் உரிமையும் கடமையும் உடைய ஆளாக நிற்கும் நிலைக்குத் தகுதி என்ற சொல் தேவைப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு பேசுவது அந்தச் சட்டத் தகுதியைப் பற்றி; அது எல்லோருக்கும் சமம். முடிவெடுக்கும் திறன் குறைந்ததால் சட்டத் தகுதியையும் பறித்துவிடக் கூடாது என்று அந்த உடன்படிக்கையின் குழு 2014இல் விளக்கம் தந்தது. இரண்டையும் ‘தகுதி’ என்றே மொழிபெயர்த்தால், அவர்கள் பாடுபட்டுப் பிரித்ததை நாம் ஒரே மூச்சில் சேர்த்துக் கட்டிவிடுவோம். இலங்கை அரச தமிழில் வழங்கும் ‘இயலளவு’ அழகான சொல். என்ன செய்ய, அதிலும் ஓர் அளவு உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே ‘முடிவெடுக்கும் திறன்’ என்றே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இதில் மனம் என்ற சொல் விடுபட்டுவிட்டதே என்று கேட்பார்கள். திறனோடு அச்சொல் சேர்ந்து வருவது சட்டத்தின் தலைப்பில்தான். திறன் இல்லாமை எது என்று வரையறுக்கும் பிரிவில் ‘ஒரு விஷயத்தைப் பொறுத்த திறன்’ என்றே வருகிறது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கணவனின் மிரட்டலால் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் மனைவிக்கும் ‘முடிவெடுக்கும் திறன் இல்லை’ என்று யாராவது சொல்லிவிடலாம். இந்தச் சட்டம் அவளைக் குறிக்கவில்லை. முதல் முறை சொல்லும்போது ‘மூளை அல்லது மனப் பாதிப்பால்’ என்று சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். நீளம் என்பவர்களுக்கு: சில சொல் கூடினால் பேச்சு வளர்கிறது, ஒரு சொல் தவறினால் ஒருவரின் வீடு போகிறது.

மிகையாகச் சொல்லவில்லை. அவரவர் நிலைக்கு ஏற்ற எளிய முறையில் விளக்கிய பிறகும் புரியவில்லை என்றால்தான் ஒருவரால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று கொள்ளலாம் என்பது சட்டத்தின் நிபந்தனை. தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கு அந்த விளக்கம் மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்துதான் வருகிறது. அவருடைய சொல் மங்கலானால், பெரியவர் விழிப்பது மூளையின் குறையாகக் குறிப்பேட்டில் ஏறும்; எங்கே வசிப்பது என்ற முடிவும் அவர் கையைவிட்டுப் போகும்.

திருமண வழக்குகளில் இந்தக் குழப்பம் இன்னும் கடுமையானது. அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்கு ‘ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் சரியாகிவிடும்’ என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. திருமணத்துக்கு இசைவு தரும் திறன் அவனுக்கு இல்லையென்றால் அவனுக்காக எந்த நீதிமன்றமும் இசைவு தர முடியாது. வற்புறுத்தலே இல்லாவிட்டாலும் அத்திருமணத்தை நடத்தி வைப்பது 2014 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். அதே வேளையில் திருமணம் என்பதன் அடிப்படைப் பொருளைப் புரிந்துகொண்டால் போதும் என்று 2004ஆம் ஆண்டின் ஷெஃபீல்ட் வழக்கில் நீதிபதி கூறினார். அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை, நல்ல துணையைத் தேர்ந்திருக்கவும் வேண்டியதில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் உரிமை திறன் உள்ள எவருக்கும் உண்டு. இதைப் பெற்றோரிடம் ‘மனத்திறன்’ என்று சொன்னால், “அவன் கொஞ்சம் மந்தம்தான், தெரியுமே” என்று தலையாட்டிவிட்டுத் தாம்பூலம் மாற்றப் போய்விடுவார்கள்.

சொல்லுக்குச் சொல் வைக்கும் பழக்கம் இத்துறையில் இந்த ஒன்றோடு நிற்கவில்லை. ஒருவருடைய நலனைக் குறிக்கும் ‘பெஸ்ட் இன்ட்ரஸ்ட்ஸ்’ என்ற தொடர் ‘சிறந்த ஆர்வங்கள்’ என்று வந்ததைக் கண்டிருக்கிறேன். வழக்கு நடத்தும் திறன் இல்லாத தாய்க்காக வழக்கை நடத்துபவரை ‘வழக்கு நண்பர்’ என்கிறார்கள். அவரே பாரிஸ்டருக்கு அறிவுறுத்தல் தருபவர். பிள்ளைகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாய் அழுதாலும், பிள்ளைகளைப் பிரிக்கக் கோரும் வழக்கை எதிர்ப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் அவர். நண்பர் என்று கேட்டுவிட்டு, தன் பக்கம் பேச ஒருவர் வந்துவிட்டார் என்று நிம்மதி அடையும் தாயை நினைத்துப் பாருங்கள். ‘வழக்குப் பொறுப்பாளர்’ என்றால் அவளுக்குக் குறைந்தபட்சம் கேட்கவாவது தோன்றும்.

அந்த நடைகூடத்துக்குத் திரும்புகிறேன். மொழிபெயர்ப்பாளர், “ஆஸ்பத்திரியை விட்டு எங்கே போய் இருக்கிறது எண்டு முடிவெடுக்கிற திறன் அப்பாவுக்கு இப்ப இல்லை எண்டு டொக்டர் நினைக்கிறார்” என்று சொல்லியிருக்கலாம். மகளின் பதில் பென்ஷன் கணக்காக இருந்திராது. “இப்ப எண்டா, காய்ச்சல் மாறினாப் பிறகு திரும்பக் கேட்பினமோ?” என்று கேட்டிருப்பார்.