படிவத்தில் இடமில்லாத இழப்புகள்

அணைக்காகவோ சுரங்கத்துக்காகவோ ஊரை இழந்தவர்களிடம் கணக்கெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, எத்தனை ஏக்கர், பட்டா இருக்கிறதா என்றுதான். மானிடவியல் ஆய்வாளராக நான் முதலில் கேட்பது வேறு: தை முதல் மார்கழி வரை எந்தெந்த மாதம் என்ன சாப்பிட்டீர்கள்? சொல்லத் தொடங்கினால், எந்தப் பட்டாவிலும் இல்லாத ஓடையும் மேய்ச்சல் காடும் கிழங்கு தோண்டிய மேடும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நீதிமன்றத்தில் இதற்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளில் ஒன்றான ரொங்கெலாப்பின் வழக்கைச் சொல்வேன்.

1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று அங்குள்ள பிகினித் தீவில் வெடித்த 'பிராவோ' குண்டு மட்டும் 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அதன் சாம்பல் ரொங்கெலாப்பில் வெள்ளைத் தூளாகக் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். மக்களை வெளியேற்றவே இரண்டு நாள் ஆனது. 1957இல் ஆபத்தில்லை என்று சொல்லித் திரும்பக் குடியேற்றி, அவர்கள் உடலில் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்று தொடர்ந்து பரிசோதித்தார்கள். இது மன்னிக்க முடியாத கொடுமை. 1985இல் மக்கள் தாங்களாகவே தீவைக் காலிசெய்தார்கள்.

பிறகு அணுசக்தி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு. அங்கே நிலம் தாய்வழியில் வருவது, விற்கும் வழக்கம் இல்லை. விற்காத நிலத்துக்குச் சந்தை விலை ஏது? பார்பரா ரோஸ் ஜான்ஸ்டன், ஹோலி பார்க்கர் என்ற மானிடவியலாளர்கள் ரொங்கெலாப் மக்களோடு உட்கார்ந்து வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். ரகசியம் நீக்கப்பட்ட அமெரிக்க ஆவணங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். சாப்பிடக்கூடாது என்றான தென்னை நண்டு, பாய் முடையத் தாழை எடுத்த இடங்கள், கடலில் வழி கண்டுபிடிக்கும் கலையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியாமல் போனது எல்லாம் சாட்சியமாயின.

2007இல் தீர்ப்பாயம் 100 கோடி டாலருக்கும் மேல் வழங்க உத்தரவிட்டது. நிலத்தைப் பயன்படுத்த முடியாமல் போனதற்கும் தீவைச் சுத்தம் செய்யவும் ஒதுக்கிய தொகைகளோடு, மக்கள் பட்ட துன்பங்களுக்கும் தனியாக ஒரு தொகை இருந்தது. ஆனால் மார்ஷல் தீவுகளோடு செய்த ஒப்பந்தப்படி அமெரிக்கா ஒதுக்கியிருந்த மொத்த நிதியே 15 கோடி டாலர்தான். அதுவும் கரைந்துபோனதால், பெரும்பகுதி இன்றும் கைக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட ஊர்களில் வேலை செய்யும் வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும் வழக்கு தொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடு, இடப்பெயர்களோடு பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி கட்டாயம் ஊர் மக்களிடமே இருக்கட்டும்.